பெரியப்பா மாட்டாத பைப்

இதை என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். பெரியப்பாவின் முதல் வருஷ நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தக்காரர்களும் நண்பர்களும் சேர்ந்தே படிக்க வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

உங்கள் பெரியப்பா, அதாவது என் கூடப்பிறந்த அண்ணன், திரேஸ்புரத்தில் சங்குகுளிக்கிறவருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். எங்கள் அப்பாவுக்குக் காது இரண்டும் போய், கடலில் இறங்க முடியாமல் ஆனபோது பெரியப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கார் பட்டறையில் சேர்ந்தார். அவர் சம்பாத்தியத்தில்தான் நான் விசைப்படகு என்ஜின் வேலை படித்தேன். பிறகு அவரே சொந்தமாகப் பட்டறை போட்டார். வண்டியைத் திறந்து பார்க்காமல் இன்ன பழுது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். பெட்ரோல் வேலை என்றால் பக்கத்தில் மணல் வாளி இல்லாமல் ஸ்பேனரைத் தொட மாட்டார்.

அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. நம் ஆட்கள் கல்யாணம் என்றால் பெண் அந்தக் காரில்தான் கோயிலுக்கு வந்து இறங்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், கோயிலுக்குத் திரும்புகிற முக்கில் கார்புரேட்டர் அடைத்துக் கார் நின்றுவிட்டது. பெண்ணை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பொண்ணவிட ஒங்க காருக்கு வெக்கம் அதிகமால்லா இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, இப்போது வருகிற கார்களைப்போல் பெட்ரோலை என்ஜினுக்குள் பீய்ச்சுகிற, கம்ப்யூட்டர் வைத்த இன்ஜெக்‌ஷன் மாட்டுவது என்று இறங்கினார். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நோட்டில் படம் வரைந்தார். உடைக்கப் போட்டிருந்த சின்னக் கார் ஒன்றிலிருந்து இன்ஜெக்டர், சென்சார், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் எடுத்தார். டேங்குக்குள் மோட்டார் வைத்தார். நான் வேலை இல்லாத நாளெல்லாம் கூட நின்றேன். அப்போது ஒன்று சொன்னார்: "கார்புரேட்டருக்கு பெட்ரோல் சும்மா வந்து சேந்தாப் போதும்ல. இதுல மோட்டார் அழுத்தித் தள்ளும். சின்ன ஓட்டைன்னாலும் பீய்ச்சிரும்." அதற்கென்று தனி பைப் உண்டு. மதுரைக்குச் சொல்லி வாங்கியதில், என்ஜின் பக்கத்தில் ஒரு முழம் பற்றவில்லை. மறுபடி சொல்லிவிட்டு, வரட்டும், அவசரம் இல்லை என்றார்.

அவசரம் எனக்குத்தான். திங்கட்கிழமை உங்கள் மாமா மகளுக்குக் கல்யாணம். கார் வரும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை பெரியப்பா ஒரு துக்கத்துக்கு ஏரல் போயிருந்தார். என்னிடம் விசைப்படகு டீசல் பைப் கிடந்தது. நடுக்கடலில் தாங்குகிற பைப் கரையில் நிற்கிற காருக்குத் தாங்காதா என்று நினைத்தேன். வெட்டி மாட்டிக் கிளிப் போட்டு, பைப் மேல் டீசல் என்று எழுதியிருந்தது தெரியாமல் கறுப்பு டேப் சுற்றினேன்.

மத்தியானம் பெரியப்பா திரும்பி வந்தார்.

"பைப்பு வந்துட்டால?"

"வந்துட்டுண்ணே. மாட்டிட்டேன்."

எந்தப் பழுதையும் பார்க்காமல் நம்பாதவர் என் வார்த்தையை நம்பினார். மணல் வாளியை எடுத்து வைத்தார். சாவியைத் திருப்பியதும் கார் உடனே பிடித்துக்கொண்டது. கார்புரேட்டரில் இருந்தபோது ஒருநாளும் அப்படி ஓடியது இல்லை. என்னைப் பின்னால் போய்ப் புகையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் பானெட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஓடியிருக்கும். சூடு ஏறியதும் பைப் கிளிப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பெட்ரோல் சூடான என்ஜின் மேலும் அவர் மேலும் பீய்ச்சித் தீப்பிடித்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்து கேட்டபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். "பைப்ப மாட்டுனது நாந்தான். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நான் மாட்டியது வேறு பைப் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. போலீஸ்காரர் எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நின்றேன். நான் செய்ததிலேயே பெரிய பாவம் அதுதான்.

இந்த ஒரு வருஷமும் ஊரில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்த வயதில் அவருக்கு எதற்கு இந்த வேலை, கவனம் இல்லாமல் செய்து செத்தார் என்றார்கள். பெரியம்மா மட்டும், "அவுக அப்படி அசால்ட்டா இருக்க மாட்டாவ தம்பி" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன்.

மலர் அச்சடிக்கக் கொடுக்கும் முன்னால் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "மலர்ல எழுதிக் குடும். வாயால சொன்னா நாளைக்கு மாறிரும்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கு வாயும் இல்லை. காவல் நிலையத்திலும் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் எப்போது கூப்பிட்டாலும் போவேன்.

தீயை மணல் போட்டு அணைத்த ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகளுக்கும், ஒன்பது நாளும் முகம் சுளிக்காமல் கட்டு மாற்றிய நர்ஸம்மாக்களுக்கும், அடக்கம் முடியும்வரை பெரியம்மாவைத் தனியாக விடாத தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பிள்ளைகளே, பெரியம்மா வீட்டுக்கு நீங்கள் எப்போதும்போல் போய் வாருங்கள். பெரியப்பா கவனம் இல்லாமல் செத்தார் என்று யாராவது சொன்னால், இல்லை, அது எங்கள் அப்பா மாட்டிய பைப் என்று சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.