ஆறு முக்கூடலில் நின்றது

“மாமா, அப்பா போயிட்டாவ.”

சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மகள் தொலைபேசியில் இவ்வளவுதான் சொன்னாள். ஆழ்வார்குறிச்சியில் என் வீட்டு வாசலில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ஐந்து வருடமாக நான் தள்ளிப்போட்ட ஒரு வேலைதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பாளையங்கோட்டையில் அவர் நடத்திய ஓவியக்கூடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நில அளவைத் துறையில் வரைபடம் போட்டவர், ஓய்வுபெற்றதும் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கியைப் பிடித்து அதைத் தொடங்கினார். இயற்கைக் காட்சிகளுக்கு மட்டும்தான் அங்கே இடம். சாமி படம் கேட்டு வந்த ஒருவரிடம், “கோயிலுக்குப் போற பாதை இருக்கு. சாமிய அங்கன போய்ப் பாத்துக்கிடும்” என்றார்.

மேற்குச் சுவரில் பொதிகை, கிழக்குச் சுவரில் கொற்கை, இடையில் ஊர் ஊராகத் தாமிரபரணி. ஒரு படத்தை விலைக்குக் கேட்டு ஆள் வந்தாலும், அதே ஊரின் இன்னொரு படம் கிடைக்கும்வரை கொடுக்க மாட்டார். “ஆறு நடுவுல அறுபடக் கூடாது வே” என்பார். வரைந்தவர் எங்கே நின்று வரைந்தார் என்று கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் ‘நின்ற இடம்’ என்று பென்சிலால் குறித்து வைப்பார்.

ஆளுக்கோர் ஊராக எங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். முக்கூடல் என் பங்கு. சோம்பலில் நான் அங்கே போகவே இல்லை. செல்பேசியில் யாரோ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து வீட்டிலேயே வரைந்துவிட்டு, படித்துறையில் நின்றதாகப் பொய் சொன்னேன். கண்காட்சியன்று முக்கூடலில் வயல் வேலை செய்யும் ஓர் அம்மா வந்திருந்தார். என் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

“படியில எறங்குனா மலை வலக்கைப் பக்கமில்லா இருக்கும்? இதுல இடக்கையில கெடக்கு. ஆறு மேக்க பாத்து ஓடுதே, அண்ணாச்சி!”

எனக்கு வந்த புகைப்படம் இடம் வலம் மாறியிருந்தது. கூடமே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. “நீ சொல்லுததுதான் சரி தாயி” என்று படத்தைக் கழற்றினார். ஆணியைப் பிடுங்கவில்லை. என்னிடம், “இது உம்ம எடம். நின்னு வரைஞ்சு கொண்டாரும்” என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதன்பிறகு ஓவியக்கூடத்துப் பக்கமே போகவில்லை. வேறு யாராவது முக்கூடல் படம் கொண்டுபோனால், “அதுக்கு ஆளு இருக்கு” என்று திருப்பி அனுப்புகிறார் எனக் கேள்விப்பட்டேன். அதற்கும் கோபம்தான் வந்தது. போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ரொம்ப மெலிந்துபோயிருந்தார். “ஆறு இன்னும் முக்கூடல்லயே நிக்கு வே” என்றார். “வாரேன் அண்ணாச்சி” என்றேன். போகவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று மகள் அந்தப் பழைய படத்தை என்னிடம் தந்தாள். பின்புறம் ‘நின்ற இடம்: படித்துறை’ என்றிருந்தது. ‘படித்துறை’யை மட்டும் அடித்துவிட்டு ‘வீடு’ என்று எழுதியிருந்தார். என் பொய் அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் முக்கூடல் போனேன். நான்கு நாள் நின்று வரைந்தேன். மலை வலக்கைப் பக்கம்தான் இருந்தது. புதுப் படத்தை அதே ஆணியில் மாட்டினேன். ‘நின்ற இடம்: படித்துறை, மூன்றாம் படி’ என்று இந்த முறை நானே எழுத வேண்டியிருந்தது.

பழைய படம் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அவர் எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி மாட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சி, ஆறு கொற்கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பார்க்க நீங்கள்தான் இல்லை.