உளுந்தங்காயும் என் பட்டியலும்

அப்பா உளுந்தங்காயைப் பார்த்துத்தான் துணி எடுப்பார். பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அவருக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருந்தது. பிள்ளைகளுக்கான ரெடிமேட் மட்டும். ஊரார் உளுந்து விற்ற காசில் நடக்கும் பொங்கல் வியாபாரம்தான் எங்களுக்கு வருஷத்துச் சோறு. கார்த்திகை முடியும்போது மொபெட்டில் நாலைந்து புஞ்சைக்குப் போய், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காய் பறித்து நகத்தால் கீறிப் பார்ப்பார். உள்ளே மணி பிடித்திருந்தால் மதுரையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு வரும். பொக்காக இருந்தால் ஒரு பையோடு திரும்புவார். கையெழுத்துக்கு மேல் ஓர் எழுத்து அறியாதவர்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் நோட்டில் எழுதிய முதல் ஆள். யாருக்கு என்ன பழம் பிடிக்கும் என்று கேட்டு எழுதிக் கட்டம் போட வாத்தியார் சொல்லித் தந்திருந்தார். அதைக் கற்றதிலிருந்து அப்பா காயைக் கீறிக்கொண்டு திரிவது எனக்கு வெட்கமாகப் பட்டது. பொங்கலுக்கு என்ன சட்டை வேண்டும் என்று பள்ளி முழுக்கக் கேட்டு எழுதினேன். பெயர், வயது, நிறம். ஒன்றும் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, மஞ்சள் கவுன், இடுப்பில் நாடா வைத்தது என்று இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அப்பா புஞ்சையிலிருந்து வந்ததும் வாசித்துக் காட்டினேன்.

"எல்லாரும் எடுப்போம்னா சொன்னாவ?"

"ஆமாப்பா. நூத்திப் பன்னெண்டு பேரு."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "பிள்ளைககிட்டப் போயா கேக்கது? பூனைகிட்டக் கேட்டா பாலுன்னுதான் சொல்லும்."

"பேரோட எழுதியிருக்காம்லா" என்றார் அப்பா.

தாளைக் கிழித்துத் தரச் சொல்லி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்ச நேரம் பையின் மேலேயே கை இருந்தது. பெருமை என்று நினைத்தேன். மறுநாள் விடியுமுன் வேறு சட்டை மாட்டி, தாளை மட்டும் அதற்கு மாற்றிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினார்.

மூன்று மூட்டை வந்தது. மார்கழி முழுக்கப் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். மஞ்சள் கவுன் பிள்ளை பள்ளி விட்டதும் தினமும் வருவாள். அப்பாவும் சலிக்காமல் கொக்கியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டிவிட்டுத் திரும்ப மாட்டுவார். பெரியவர்கள் வரவில்லை. உளுந்துப் பூ காயாகும் நேரத்தில் மழை நின்றுபோயிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்த எனக்குப் புஞ்சை பச்சையாகத்தான் தெரிந்தது. போகிக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளையின் தகப்பனார் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, எம் மவகிட்டக் கேட்டீகளாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்பாவும் சிரித்தார். வந்தவர் சைக்கிளை விட்டு இறங்காமலே போய்விட்டார்.

பொங்கலன்று எங்கள் தெருவில் புதுச்சட்டை போட்டவன் நான் ஒருவன்தான். கோயில் வாசலில் அந்தப் பிள்ளை பள்ளி யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, பொய்க்காரி" என்றேன், நாலு பேர் பார்க்க.

"நான் ஒண்ணும் பொய் சொல்லல. என்ன வேணும்னுதான நீ கேட்ட?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதே இல்லை.

பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், சட்டை வளராது. அடுத்த பொங்கலுக்குள் கடை வேறொருவர் கைக்குப் போயிற்று. அப்பா கோவில்பட்டியில் லாரிக்குத் தீப்பெட்டி பண்டல் ஏற்றப் போனார். என் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேலே படி என்று மட்டும் சொன்னார். படித்தேன். இப்போது சென்னையில் ஒரு ஜவுளி நிறுவனத்தில், எந்த ஊர்க் கடையில் எந்த அளவுச் சட்டை எத்தனை விற்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் என் வேலை. போன வருஷ விற்பனை, பண்டிகைத் தேதி எல்லாம் திரையில் வரும். காய் வராது.

அப்பா மதுரைக்குப் போன அன்று, அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பையிலிருந்து ஏழெட்டு உளுந்தங்காயை எடுத்து என் கையில் போட்டாள். ஒவ்வொன்றாக உரித்தேன். ஒன்றிலும் மணி இல்லை. பட்டியல் கையில் இருக்கும்போது இந்தக் குப்பையை எதற்குச் சுமந்தார் என்று சிரித்துக்கொண்டே கோழிக்கு வீசினேன். கோழி ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. முந்தின சாயங்காலம் அப்பா என் தாளை மடித்து வைத்தது அந்தக் காய்களுக்கு மேல்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.