இரண்டு வளைவுகளும் குறைந்துபோன பன்னிரண்டு மீட்டரும்

அக்கா மகள் ஜெனிட்டாவுக்கு விளையாட்டு விடுதித் தேர்வு. எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் இருபத்தாறு நொடிக்குள் ஓடிவிட்டால் தங்குமிடம், படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அக்காவால் பூ மார்க்கெட் வேலையை விட்டு வர முடியவில்லை. அதனால் ஆவணியில் ஒரு சனிக்கிழமை நான் துணைக்குப் போனேன். புது ஸ்டேடியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக இருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காலை 6.40க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதினோரு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். இறங்கினால் ஸ்டேடியத்தைக் காணோம்! தென்னந்தோப்புகளைத் தாண்டி இன்னும் மூன்று கிலோமீட்டர் உள்ளே போகணுமாம். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய்.

ஸ்டேடியத்துக்குக் கழிப்பறை இன்னும் கட்டவில்லை. ஆனால் வாசலில் வளைவு மட்டும் இரண்டு.

"ரெண்டு எதுக்குண்ணே?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"ஊருக்கு ஒண்ணும்மா. எங்க ஊர் பேருலதான் வாசல் இருக்கணும்னு ரெண்டு ஊர்க்காரங்களும் ஒத்தக்கால்ல நின்னாங்க. ரெண்டாவது வளைவுக்கு எடம் பத்தல. ஓடுற பாதையச் செத்த உள்ள தள்ளி வளச்சுட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ஒன்பது மணிக்கு ஓட்டம். ஜெனிட்டா இரண்டு நிமிடம் இருபத்துமூன்று நொடியில் முடித்தாள். நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை. நேராக, கூட வந்திருந்த அவளுடைய பள்ளி பி.டி. டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், இது நானூறு மீட்டர் ரவுண்டு இல்ல. எனக்கு மூச்சு முட்டுற எடம் வரவே இல்ல, அதுக்குள்ள கோடு வந்துருச்சு."

டீச்சர் குரலைத் தாழ்த்தி, "சொன்னா உன் டைமும் போயிரும்டி" என்றார்.

"சொல்லாம விடுதியில போய் நின்னா, அங்க ஓடுறப்ப தெரிஞ்சிராதா?"

விஷயம் நடுவர்களிடம் போனது. பாதையை அளக்க டேப் வந்தது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு மீட்டர் குறைவு. திறப்பு விழா மாலை இன்னும் வாடாத மேடையில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், "பன்னெண்டு மீட்டர்தானம்மா, அதுக்கு இம்புட்டுப் பேச்சா?" என்றார்.

காலை நேரங்கள் எல்லாம் ரத்து. தொடங்கும் கோட்டை இருபத்துநான்கு மீட்டர் பின்னால் தள்ளி, மதியம் மூன்று மணிக்கு மறுபடி ஓடவிட்டார்கள். நல்ல வெயில். பிள்ளைகள் பிஸ்கட்டும் தண்ணீருமாகக் காத்துக் கிடந்தார்கள். சில பெற்றோர் ஜெனிட்டாவை முறைத்தார்கள். காலையில் முழு மூச்சாய் ஓடிக் களைத்த கால்களோடு அவள் இரண்டு நிமிடம் இருபத்தேழு நொடியில் வந்தாள். ஒரே ஒரு நொடி. இடம் கிடைக்கவில்லை.

போகிறவர்கள் தண்ணீரும் குடையும் கொண்டுபோங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் கடையே கிடையாது. திரும்புவதற்குக் கடைசி பஸ் 5.50க்கு.

அந்தப் பஸ்ஸில் நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது ஜெனிட்டா முந்திக்கொண்டாள்.

"அழுகையா வருது சித்தி. ஆனா அந்த ஒரு செகண்ட நான் ஓடிக் குறைச்சிருவேன். அவுங்க அந்தப் பன்னெண்டு மீட்டர எப்பப் போடுவாங்க?"