ஸலாஹுதீன் சேரின் கருத்துப் பெட்டி

மனிதனுக்குக் காது எதற்காக இருக்கிறது என்பதை ஸலாஹுதீன் சேர் தமது நாற்பத்தைந்தாவது வயதில், கண்டி ஹோட்டலொன்றில் நடந்த மூன்று நாள் செயலமர்வில் அறிந்துகொண்டார். வேலைத்தளத்தில் மனித உறவும் தொடர்பாடலும் என்பது பாடம். சான்றிதழைத் தமது தலைக்கு மேலே சுவரில் மாட்டினார். எதிரே இருப்பவர் வாசிக்கலாம். சேருக்கு அந்தத் தேவை இல்லை.

சுனாமிக் கடல் அடித்த அடுத்த வருஷம் அது. வீடிழந்தவர்கள் கூடாரத்தில் இருந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நிவாரண நிறுவனங்களில் இருந்தார்கள். சேர் அப்படியொரு நிறுவனத்தின் கல்முனைக்குடிக் கிளைக்கு இணைப்பாளர். அவருக்குக் கீழே ஆறு பேர்.

யாராவது கதைக்க வந்தால் சேர் சற்று முன்னால் சாய்வார். மூன்று தரம் தலையாட்டுவார். கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்வார். செயலமர்வில் அப்படித்தான் படிப்பித்தார்கள்.

"சேர், வேன்ட பிரேக் பிடிக்குதில்ல" என்றார் சாரதி மஜீட்.

"பிரேக் பிடிக்குதில்ல எண்டு சொல்றீங்க."

"ஓம் சேர்."

"நன்றி மஜீட். உங்கட உணர்வ நான் விளங்கிக்கிட்டன்."

அதே பிரேக்கோடு மஜீட் இரண்டு மாதம் பொத்துவிலுக்குப் போய் வந்தார்.

பிறகு சேர், உறவு இன்னும் ஆழமாகட்டும் என்று ஒரு மரப்பெட்டி செய்வித்து, பூட்டுப் போட்டு, வாசலில் தொங்கவிட்டார். 'உங்கள் கருத்தே எங்கள் வழிகாட்டி' என்று அதில் எழுதியிருந்தது. முதல் மாதமே பூட்டின் திறப்பு தொலைந்தது. உப்புக்காற்றில் பூட்டு துருப்பிடித்தது. 'பெட்டி மூலம் ஊழியர் கருத்து தொடர்ந்து பெறப்படுகிறது' என்று கொழும்புக்குப் போன அறிக்கை மட்டும் துருப்பிடிக்கவில்லை. அறிக்கை எழுதும்போதெல்லாம் தேத்தண்ணிப் பெண்ணிடம் "ஜெனூபா, ஒரு பிளேன்டீ!" என்பார். பிளேன்டீ வரும். சம்பளப் பட்டியல் வந்தால் வாசிக்காமல் கையெழுத்து வைப்பார். நம்பிக்கைதானே உறவின் அத்திவாரம்.

இப்படி நாலு வருஷம். யுத்தம் முடிந்தது. கல்முனைக்குடிக் கிளையை மூடிவிட்டு வவுனியா முகாம்களுக்குப் போக நிறுவனம் முடிவெடுத்தது. கூட்டிப்போவது ஓராளைத்தான். அந்த ஓராள் தாமே என்று சேர் வீட்டில் சொல்லி, பெரிய சூட்கேசும் வாங்கிவிட்டார். பணிப்பாளர் கஜேந்தினி மேடம் கொழும்பிலிருந்து தகவல் அனுப்பினார்: "நாளைக்கு வாறன். ஊழியரோட நல்லாப் பழகுறவர்தான் எங்களுக்கு வேணும். அந்தப் பெட்டியத் திறந்து பாப்பம்."

சேர் துருப்பிடித்த பூட்டைப் பார்த்தார். பெட்டி வெறுமையாக இருந்தால்? எல்லாரும் பகல் சாப்பாட்டுக்குப் போன நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு கடிதம் எழுதினார். நீலப் பேனையில் ஆறு, கறுப்பில் நாலு, இடது கையால் இரண்டு. சாரதியின் கடிதத்தில் மட்டும் தாராளமாக எழுத்துப் பிழை விட்டார். ஒவ்வொன்றாகப் பெட்டியின் துவாரத்தால் உள்ளே போட்டார்.

அடுத்த நாள் மஜீட் வீல் ஸ்பானரால் பூட்டை உடைத்தார். வாசித்துக் காட்டும் வேலையும் அவருக்கே விழுந்தது.

"'இணைப்பாளரின் செவிமடுக்கும் ஆற்றல் வியக்கத்தக்கது.' இதிலயும் செவிமடுக்கும் ஆற்றல்தான் மேடம். இது... 'இப்படிக்கு, சாரதி ஒருவர்'." மஜீட் தாளைத் திருப்பிப் பார்த்தார். "சேர், இந்த ஒபிஸ்ல சாரதி நான் ஒராள்தானே? நான் எப்ப எழுதின?"

சேர் முன்னால் சாய்ந்து மூன்று தரம் தலையாட்டினார். யாரோ பின்னால் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

பெட்டியின் அடியில் மஞ்சளாகிப்போன தாள் ஒன்று கிடந்தது. நாலு வருஷத்தில் அலுவலகம் போட்ட ஒரே கடிதம். மஜீட் வாசித்தார்: "'சேர், நான் ஜெனூபா இல்ல. ஜெனூபா ராத்தா போன மாசம் வேலைய விட்டுட்டா. என்ட பேர் றாஹிலா. அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுங்க.'"

"யார் இந்த றாஹிலா?" என்றார் மேடம்.

சேருக்கு உயிர் வந்தது. மோசடி ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் அல்லவா! எழுந்து நின்று, தெளிவாக, நல்ல தொடர்பாடலுக்குரிய குரலில் சொன்னார்:

"அப்பிடி ஒராள் நம்மட ஒபிஸ்ல இல்ல மேடம்."

மேடம் கையிலிருந்த ஊழியர் பட்டியலில் றாஹிலா என்ற பெயரைப் பார்த்தார்; சேருடைய பெயரின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற பெண் முன்னால் வந்து ஒரு கோப்பையைச் சேரின் மேசையில் வைத்தாள்.

"சீனி போடல்ல சேர்" என்றாள் றாஹிலா. "உங்களுக்குச் சீனி வியாதிதானே."