நான் ஏறாத மச்சு

இல்லை, முதலில் அழவில்லை. முதலில் அந்த அறையைத்தான் நினைத்தேன்.

காலைப் பிரேயர் முடிந்திருந்தது. வீட்டுக்காரப் பெரியக்கா பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றார். காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார், காலெல்லாம் மண். "டீச்சர், நம்ம சிஸ்டர் போயிட்டாங்களாமா."

ஆபரேஷனுக்கென்று லீவில் திருநெல்வேலிக்குப் போயிருந்த நர்ஸ் ஜெசிந்தா அக்கா. நான் குடியிருக்கும் வீட்டின் மச்சில் இருந்தவர். 'மேலே இனி காலி' என்று உள்ளே ஒரு குரல். என் குரல்தான். அழுகை வந்தது அதற்குப் பிறகு.

அவரைப் பற்றி நல்லதெல்லாம் இந்த நினைவு மலரில் எழுதிய நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பிரசவ வலியில் துடித்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, மலையின் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரை ஜீப்பில் போனதை நானும் அறிவேன். எனக்கு மிஞ்சியது பொறாமை. அதை மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார்.

அது பழைய ஓட்டு வீடு. விறகடுப்பு எரிந்த காலத்தில் சாமையும் கேழ்வரகும் விதைக்கென்று மச்சில், புகையில் இருக்குமாம். கேஸ் வந்தது. புகை நின்றது. மச்சு சும்மா கிடந்தது. இரண்டு வருடம் நான் கீழே படுத்து அந்தப் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே குடியேறினால் கிழக்கே ஒரு ஜன்னல் வைக்கலாம். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. நோட்டில் வரைந்தும் வைத்திருந்தேன். பெரியக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. நாளை கேட்கலாம். மழை நிற்கட்டும். பரீட்சை முடியட்டும்.

ஜெசிந்தா அக்கா மாற்றலாகி வந்து பக்கத்து அறையில் தங்கினார். டீ குடிக்கும்போது அந்த ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். சும்மா சொன்னேன். அந்த வாரமே அவர் குரல் முற்றத்தில் கேட்டது.

"பெரியக்கா, மேல சும்மாதான கெடக்கு? நான் இருந்துக்கிடட்டுமா?"

"எலியும் தூசியுந்தானுங்க சிஸ்டர் கெடக்குது. உங்களுக்குச் சரின்னா இருந்துக்குங்க."

அவ்வளவுதான். என் இரண்டு வருடம்.

உத்தரம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மட்டம் பார்க்கும் டியூபைக் கொண்டுவர ஆசாரி மறந்துவிட்டார். அக்கா, தேதி முடிந்து ஒதுக்கிய குளுக்கோஸ் டியூப் ஒன்றை எடுத்துவந்தார். தண்ணீர் நிரப்பினார். யாருக்கோ நரம்பில் ஏற்றப்போகிறவர் போலச் சுண்டிச் சுண்டிக் குமிழிகளை வெளியேற்றினார். ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்.

"ஏட்டி, என் மூஞ்சிய ஏன் பாக்க? தண்ணியப் பாரு."

முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மச்சை எப்படி இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிகிறது என்று.

செல்லரித்த பலகைகளுக்குப் பதில் வாசலூர்பட்டியிலிருந்து ஒருவர் பலாப் பலகைகள் கொண்டுவந்து இறக்கினார். அவர் காலில் அக்கா தையல் போட்டிருந்தார். "எங்க ஊட்டு மரமுங்க சிஸ்டர், வேண்டாம்னு சொல்லப்படாது." என்னைப் பார்த்ததும் "வணக்கமுங்க டீச்சர்." மூன்று வருடமாக அவர் மகனுக்குப் பாடம் எடுக்கிறேன். வணக்கத்தோடு சரி.

ஜன்னல் கிழக்கே. கண்ணாடி ஓடு நான் வரைந்த அதே இடத்தில். அன்று பொறுக்கவில்லை.

"அது என் யோசனை அக்கா."

அவர் மறுக்கவில்லை. "உன் யோசனைதான். யாரு இல்லேன்னா? கேட்டது நான்லா." பிறகு, சிரித்துக்கொண்டே, "வாய்க்குள்ளயே வீடு கட்டிட்டிருந்தா யாருட்டி வந்து சாவி குடுப்பா?"

அதன் பிறகு நான் மேலே ஏறவில்லை. எட்டு மாதம். தலைக்கு மேல் அவர் நடப்பது கேட்கும். அவரைப் பார்க்க வந்த பெண்களின் சிரிப்பு கேட்கும். பெரியக்காகூட ஏறிப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். "ஏட்டி, மேல வா, மேகம் உள்ளயே வருது பாரு." விடைத்தாள் இருக்கிறது என்பேன். எப்போதும் இருந்தது.

லீவில் போகும் அன்றும் படியில் நின்று, "வந்து ஒரு நா முழுக்க உன்னய மேல உக்கார வைக்கேன், பாரு" என்றார். கையில் சாப்பாட்டுப் பை. பஸ் வந்துவிட்டது.

அவர் பொருட்களை அண்ணன் வந்து எடுத்துப் போனார். மறுநாள் பெரியக்கா மச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மிளகு மூட்டையப் போட்டு வெச்சறலாம்னு பாக்கறேன். சிஸ்டர் இல்லாத ரூமுக்குள்ள போகவே ஒரு மாதிரி இருக்குது சாமி."

நாளை சொல்லலாம் என்று தோன்றியது. பழைய 'நாளை'.

"பெரியக்கா, அந்த ரூம் எனக்கு வேணும்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், உங்களுக்கு மச்சே புடிக்காதுன்னுல்ல நெனச்சேன்?"

ஜெசிந்தா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம். கேட்கிற வாக்கியம். அதுவும் அவருக்குச் சுலபமாக வந்தது. எனக்கு அவர் சாக வேண்டியிருந்தது. பொறாமை போகவில்லை. டியூபும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாயையும் நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு படியேறினேன். வாசல் நிலையில் தலை இடித்தது. அவர் என் தோள் உயரம்தான். வாசலை அவர் அளவுக்கு வைத்திருந்தார்கள். குனிந்து உள்ளே போனேன்.