சாவி கேட்க வந்த ஞானதாஸ் சார்

செய்தி வந்தபோது நான் வஞ்சியூர் நீதிமன்ற வராந்தாவில், ஒரு ஜீவனாம்ச வழக்கு அழைக்கப்படுவதற்காகக் காத்து நின்றேன். கைப்பேசியில் ஞானதாஸ் சாரின் மகள். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேரல்லை." முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரே தைரியத்தில்தான் இரண்டு வருடமாக என் வீட்டில் நான் தனியாகத் தூங்கினேன். இதை உங்களில் யாரிடமும் நான் சொன்னதில்லை. வக்கீல் நண்பர்களே, இந்த இரங்கல் கூட்டத்தில் இன்று சொல்கிறேன்.

உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். பாறசாலைக்காரர், பேச்சில் பாதி மலையாளம், கக்கத்தில் குடை, நெற்றியில் எப்போதும் வியர்வை. சிறையிலிருந்து வெளிவருபவர்களைக் கவனிக்கும் நன்னடத்தை அதிகாரியாக இருந்தவரின் தலையில், குடும்ப வன்முறைச் சட்டம் வந்ததும், பாதுகாப்பு அதிகாரி என்ற இன்னொரு வேலையையும் அரசாங்கம் கட்டிவிட்டது. அடிக்கிற கணவன்மார் வீட்டுக்கு உத்தரவை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகவேண்டிய வேலை. போவதற்கு முன் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய் வருவார். நாம் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்தச் சட்டம் வந்த புதிதில் வக்கீல்கள் கூட்டத்தில் நான் ஒரு மணி நேரம் பேசியது சிலருக்கு நினைவிருக்கும். எந்தெந்த நாடு இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாள்கிறது என்று பெரிய தோரணையில் அடுக்கினேன். இங்கிலாந்தில் முப்பது வருடங்களுக்கு முன்பே, அடிப்பவனை வீட்டிலிருந்து விலக்கி வைக்கச் சட்டம் செய்துவிட்டார்கள்; மலேசியாவில் போலீஸ் புகாரோடு சேர்ந்துதான் பாதுகாப்பு உத்தரவு கிடைக்கும்; ஆஸ்திரியாவிலோ போலீஸ்காரரே வந்து அவனை வெளியேற்றி, வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொள்வார் என்றேன். கைதட்டினீர்கள். பின்வரிசையில் ஞானதாஸ் சார் மட்டும் எழுந்தார். "மேடம், அந்த நாட்டுல சாவி கேட்கப் போற போலீஸ்காரனுக்குப் பயம் இருக்காதா?" அரங்கமே சிரித்தது. தேநீர் வேளையில் என்னைத் தேடி வந்தார். "கேட்டது தப்பா மேடம்? நம்ம சட்டத்துல சாவியை யாரு வாங்கணும்னு எழுதல்லை, கேட்டோ. நாளைக்கு ஒரு உத்தரவோட ஆரியசாலைக்கு நான் போணும். அதான்."

மறுநாள் நானும் அவரோடு போனேன், ஏனென்றால் கட்சிக்காரர் என்னுடையவர். செல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கணவன் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது உத்தரவு. சார் கதவுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றார். தண்ணீர் குடித்தார். பிறகு தட்டினார். உத்தரவைத் தமிழில் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். கை நடுங்கியது. அவன் அந்தக் கையைப் பார்த்து இளித்தான். "தம்பி, எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா சாவி வாங்காம நான் போக முடியாது" என்றார் சார். பயப்படுகிறேன் என்று நேருக்கு நேர் ஒப்புக்கொள்ளும் ஆளை என்ன செய்வது என்று அவனுக்குப் புரியவில்லை. கொடுத்துவிட்டான். வெளியே வந்ததும் ஒரு கடை வாசலில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "பயம் தெரிஞ்சவன்தான் மேடம் இந்த வேலைக்குப் போணும். மத்தவனுக்கு உள்ளே இருக்கிறவ நிலைமை மனசிலாகாது" என்றார்.

இனி என் கதை. வலியசாலையில் என் கணவர் பெயரில் இருந்த வீட்டில்தான் நான் குடியிருந்தேன். அவர் நல்ல வேலையில் இருந்தவர், கோயில் உற்சவக் கமிட்டியில் மரியாதையான ஆள். சித்திரை வெயில் கொளுத்தும் மேடமாதத்திலும் நான் முழுக்கை ரவிக்கை போட்டதற்குக் காரணம் அவர்தான். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரே சுவர். பக்கத்து வீடுகளில் எல்லாம் கேட்டிருக்கும். மாலை ஆறரைக்கு அவர் சாவி கதவில் திரும்பும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். இத்தனை நாட்டுச் சட்டம் படித்த எனக்கு அந்தக் கதவிலிருந்து தப்ப வழி தெரியவில்லை.

ஞானதாஸ் சார் அதைக் கண்டுபிடித்தது என் அசட்டுத்தனத்தால். ஒரு பெண்ணின் புகாரை அவர் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். "அடிச்ச பிறகு என்ன செய்வார்?" என்று கேட்டார். அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருக்க, நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "அவரே காபி போட்டுக் கொண்டுவருவார். சர்க்கரை கூடுதலா இருக்கும்." அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவன் அடுக்களைப் பக்கமே போகாதவன். சார் பேனாவைக் கீழே வைத்தார். அவள் போன பிறகு மெதுவாகக் கேட்டார். "மேடம், அந்தக் காபி யாருக்குக் கிடைச்சது?" ஏதோ உளறி மழுப்பினேன். அவர் வாதாடவில்லை. ஒரு புதுப் படிவத்தை மடித்து நீட்டினார். "இப்பவே எழுதணும்னு இல்லை. பையில கிடக்கட்டும்."

எட்டு மாதம் பையிலேயே கிடந்தது. ஒரு நாள் நீதிபதி கேட்ட கேள்வி என் இடது காதில் விழவில்லை; இரண்டு தடவை திருப்பிக் கேட்க வைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். முந்தின மாலை அந்தக் காதின்மேல் விழுந்த அடி உங்களுக்குத் தெரியாது. அன்று மதியமே படிவத்தை நிரப்பி அவரிடம் கொடுத்தேன். மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதக் கை வரவில்லை; அதை மட்டும் சார்தான் எழுதினார். பிறகு உங்களில் சிலருக்கு விஷயம் தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிட்டீர்கள். அதற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை.

உத்தரவு வந்த அன்று ஒரு பெண் போலீஸோடு சார் வலியசாலைக்கு வந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "இது எங்காத்து சமாச்சாரம். நடுவில நீர் யாருங்காணும்?" என்று என் கணவர் கத்தினார். "நான் ஆரும் இல்லை சார். சாவி தாங்க." என் கணவர் சாவியைத் தெருவில் விட்டெறிந்தார். சார் குனிந்து எடுத்தபோது, உதைத்துவிடுவாரோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். உதை விழவில்லை. சாவியைச் சட்டையில் துடைத்து என்னிடம் தந்தார். "பயம் இன்னைக்கே போயிடும்னு நினைக்கண்டாம் மேடம். இன்னைக்கே பூட்டை மாத்துங்க."

மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, ஆறரை மணிக்கு, வாசல் கதவில் சாவி நுழையும் சத்தம் கேட்டது. என் கணவரிடம் இன்னொரு சாவி இருந்திருக்கிறது. உள்ளே நுழைந்த சாவி திரும்பவில்லை. மறுபடி, மறுபடி. கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் நின்றேன். செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். கடைசியில் செருப்புச் சத்தம் விலகிப் போனது. சாருக்கு ஃபோன் செய்தேன். பாலராமபுரத்து வீட்டிலிருந்து அடித்துப் பிடித்து வந்தார், சட்டையெல்லாம் நனைந்திருந்தது. ஜன்னல் வழியாக அவர் கேட்ட முதல் கேள்வி, "போயிட்டாரா?" அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதன்பின் தினமும் ஆறரைக்கு அவரிடமிருந்து அழைப்பு வரும். "மேடம், பூட்டினீங்களா?" அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

அடக்கம் முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவர் மனைவி ரோஸம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உங்க கேஸ் நடக்கும்போது உங்க வீட்டுக்காரர் இங்க வந்தாரு. பொண்ணு எந்தக் காலேஜ்னு எல்லாம் சொல்லி மிரட்டிட்டுப் போனாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு இவங்க சத்தியம் வாங்கினாங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு ஃபோன் பண்ணிட்டு நேரே போய் எங்க வீட்டுக் கதவையும் பூட்டுவாங்க. இப்ப இருட்ட ஆரம்பிச்சா எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது அம்மா." அந்த மிரட்டலுக்கு அடுத்த விசாரணையிலும் சார் வந்து எனக்காகச் சாட்சி சொன்னார். கூண்டுக் கம்பியை அவர் இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்து, வழக்கமான பயம் என்று நான் நினைத்தேன்.

என் பயம் போகவில்லை. போகும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வேலையைத்தான். நேற்று ஆறரைக்கு என் கதவைப் பூட்டிவிட்டுப் பாலராமபுரத்துக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ரோஸம்மாள் அக்கா எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான் அக்கா," என்றேன். "பூட்டினீங்களா?"