எர்த்திங் வகுப்பில் டீக்கடை அக்கா

இன்று திருவொற்றியூரில், சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களுக்கு நான் நடத்திய பயிற்சிப் பட்டறை.

ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். எலக்ட்ரிக்கல் ஆசிரியர் பாஸ்கர் சார் எர்த்திங் நடத்தினார். பலகை நிறையப் படம். "புரிஞ்சுதா?" என்றார். அத்தனை பேரும் தலையாட்டினோம்.

டீ கொண்டுவந்த கடைக்கார அக்கா மட்டும், "எனுக்கு ஒண்ணியும் புர்ல சார். என் கடை ஃப்ரிட்ஜைத் தொட்டா ஷாக் அடிக்குது. இன்னா பண்றது?" என்றார்.

பாஸ்கர் சார் முகம் சுளிப்பாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவரோ படத்தை மொத்தமாக அழித்தார்.

"மழைத்தண்ணி வூட்டுக்குள்ள வராம இருக்க வாசல்ல கால்வா வெட்றோம்ல? கசியிற கரண்டுக்கு வெட்ற கால்வாதான்க்கா எர்த் ஒயரு."

அக்கா யோசித்தார். "அப்ப என் ஃப்ரிட்ஜுக்குக் கால்வா இல்ல. அதான் என் கை வழியா ஓடுது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாலையில் பாஸ்கர் சார் டெஸ்டரோடு அக்கா கடைக்குக் கிளம்பினார். பின்னாலேயே பட்டறை முழுவதும். இவ்வளவு பெருமையாக நான் எந்தப் பட்டறையையும் முடித்ததில்லை.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை. எனக்கும் அப்போதுதான் எர்த்திங் புரிந்தது.

புரியாமலே தலையாட்டிப் பாஸானவர்கள் கமெண்டில் கையைத் தூக்கலாம். முதல் கை என்னுடையது.